விக்டோரியா ராணி லட்சாதிபதி ஆக்குவாளா?

உங்கள் வீட்டில் பழைய காசு இருக்கிறதா? "இல்லையே!" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் பாருங்கள். பரணில் இருக்கும் பால் பவுடர் டப்பாவைத் திறந்து பாருங்கள். பாட்டியின் சுருக்குப் பையை உதறிப் பாருங்கள். ஒரு ஓட்டைக் காலணாவாவது உருண்டு வந்து உங்கள் காலடியில் விழும்.

விழட்டும், தவறில்லை. ஆனால் அந்தக் காசின் பின்னாலேயே ஓர் ஆசையும் உருண்டு வந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது!

சென்ற மாதம் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்று வியாசர்பாடியிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. சுருக்கமான கடிதம். "என் மாமியாரின் டப்பாவில் பழைய பிரிட்டிஷ் காசுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஒன்பது லட்ச ரூபாய் தருவதாக ஒருவர் போனில் சொல்கிறார். பதிவுக் கட்டணம் என்று 1,850 ரூபாய் கட்டிவிட்டேன். இப்போது வரிக்காகவும் இன்ஷூரன்ஸுக்காகவும் 18,000 ரூபாய் கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறொருவருடைய காசை வாங்கிக் கொள்வாராம். என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா? பெண்ணுக்கு நர்ஸிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உடனே பதில் எழுதவும்."

கடிதம் என் கைக்கு வந்தது புதன்கிழமை. பதிலை அச்சில் எழுதிக்கொண்டிருந்தால் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விடும். ஆகவே நானே புறப்பட்டேன். துணைக்கு எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரையும் அழைத்துக் கொண்டேன். பழைய காசு வாங்கி விற்பதில் ஐம்பது வருஷ அனுபவம் அவருக்கு. 1985-ஆம் ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையாகும் வரையில் அங்கே ஒரு மூலையில் கடை வைத்திருந்தார். இப்போது கடை கிடையாது. ஒரு பூதக் கண்ணாடியும், ஒரு சின்னத் தராசும், ஒரு காந்தமும்தான் அவருடைய கடை. மூன்றும் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ். அடுத்தது வியாசர்பாடி ஜீவா. ரயில் பேசின் பிரிட்ஜில் நின்றபோது பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம்தான் அம்மா தங்கசாலை. நாணயம் அடித்த சாலை. அதனால்தான் தெருவுக்கே அந்தப் பேர். 1869-ல் சாலையை மூடிவிட்டார்கள். நம் ஊரில் அடித்த வராகனும் பணமும் காசும் இன்றைக்கு லண்டன் ஏலத்தில் விலை போகின்றன. பக்கத்திலேயே குடியிருக்கிற நம் ஜனங்களுக்கு அதைப் பற்றி ஒரு விஷயமும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை விரிப்பான்" என்றார்.

அந்தச் சகோதரியின் வீடு இரண்டு அறைகள் கொண்டது. வாசலில் மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க இரண்டு அடி உயரத்துக்குச் சிமெண்டுத் திண்டு கட்டியிருந்தார்கள். மாமியார் எண்பதை நெருங்கும் வயதினர். கூடத்தில் வெற்றிலைப் பெட்டியும் தாமுமாக உட்கார்ந்திருந்தார். மருமகள் எங்களை அடுக்களைக்குள் அழைத்துப் போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து, மெதுவான குரலில், "அத்தைக்குத் தெரியாது மேடம்" என்றார்.

"டப்பா யாருடையது?" என்று கேட்டேன்.

"அத்தையோடதுதான்."

"அப்படியானால் அவர்களைக் கேட்காமல் எப்படி?"

அவர் பதில் சொல்லவில்லை, கண்கள் கலங்கிவிட்டன. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. சகோதரிகளே, பெண்ணின் படிப்புக்குப் பணம் புரட்ட வேண்டிய ஒரு தாயின் மனநிலையை நாம் அறியமாட்டோமா?

ஒரு பழைய செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தோம். மொத்தம் முப்பத்தைந்து காசுகள். பெரியவர் சீட்டாட்டத்தில் சீட்டுப் பிரிப்பதுபோல் அவற்றை வேகமாகப் பிரித்து அடுக்கினார். இனி அவர் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்கள் வீட்டு டப்பாவைத் திறக்கும்போது உதவும்.

"முதலில் இந்த ஒன்பது லட்ச ரூபாய்ச் சாமானைப் பார்ப்போம்" என்று ஒரு பித்தளை நிறக் காசை எடுத்தார். ஒரு பக்கம் இராமர், சீதை, இலட்சுமணர், அனுமார். மறு பக்கம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 'அரை அணா', '1818' என்ற எழுத்துக்கள்.

"கம்பெனிக்காரன் இப்படி ஒரு காசு அடித்ததே கிடையாது. அவன் அடித்த செப்பு அரையணாவில் கம்பெனியின் சின்னம்தான் இருக்கும். இராமர் இருக்க மாட்டார், அனுமார் இருக்க மாட்டார், லட்சுமியும் இருக்க மாட்டாள்."

"கம்பெனி காசில் சாமி உருவமே கிடையாதா?" என்று நான் குறுக்கிட்டேன்.

"உண்டு. அதுவும் நம் சென்னையில்தான் உண்டு! நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசில் ஒரு பக்கம் சின்னஞ்சிறு விஷ்ணு உருவம், மறு பக்கம் நட்சத்திரம். வெள்ளியில் அடித்த அரை வராகனில் கோயில் கோபுரமே உண்டு. இங்கிலீஷ்காரன் ஏன் விஷ்ணுவைப் போட்டான்? பக்தியினாலா? நம் ஜனங்கள் பழகிய காசு மாதிரி இருந்தால்தான் கை நீட்டி வாங்குவார்கள் என்ற வியாபார புத்தியினால்! அதெல்லாம் உண்மையான நாணயம். இந்த 1818 அரையணா மட்டும் பொம்மைக் காசு. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இதற்கு லட்சம் லட்சமாக விலை சொல்கிறவன், அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று ஊரை ஏமாற்றுகிறவனுக்கு ஒன்று விட்ட தம்பி!"

அந்தச் சகோதரியின் முகம் வெளிறிப் போயிற்று. பெரியவர் அதைக் கவனித்து, குரலை இறக்கிக்கொண்டு, அடுத்த அடுக்குக்கு வந்தார்.

அடுத்தது ஓட்டைக் காலணா, ஒன்பது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். 1943 முதல் 1947 வரையில் அடித்தவை. கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றைக்கும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதிகம் தேய்ந்தவை என்றால் ஒன்று சில ரூபாய்தான் பெறும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஐந்து செப்புக் காலணாக்களுக்கும் அதே கதைதான்.

அதற்கு அடுத்தது 1947-ஆம் வருஷத்து ரூபாய், ஒன்று. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர், மறு பக்கம் புலி. பெரியவர் காந்தத்தைக் காட்டியதும் 'டக்' என்று ஒட்டிக் கொண்டது.

"ஐயையோ, இதுவும் போலியா?" என்றார் அந்தச் சகோதரி.

"இல்லையம்மா, இது அசல்தான். அந்த வருஷம் ரூபாயை நிக்கலில் அடித்தார்கள். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஆனால் இந்த விக்டோரியா ராணி ஒட்டினால் அவள் போலி. வெள்ளி ஒருபோதும் காந்தத்தில் ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை நெருங்கி வைத்தார். பதினெட்டு இருந்தன.

சகோதரிகளே, இந்த வெள்ளி ரூபாயின் ஜாதகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1835-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. அதற்கு முன்பு ஊருக்கு ஒரு ரூபாய், ஊருக்கு ஒரு கணக்கு. நம் சென்னைக் கணக்கிலோ வராகன், பணம், காசு என்று வேறு தலைவலி! மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன். புது ரூபாயின் எடை 180 குன்றி அல்ல, 180 கிரெய்ன். நம் கணக்கில் 11.66 கிராம். நூற்றுக்கு ஏறக்குறைய 91.7 பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. ஒரு தோலா என்பதும் அதே எடைதான். பாட்டி சொல்லும் பக்குவத்தில் "மிளகு ஒரு ரூபாய் எடை" என்று வருகிறதே, அது இந்த ரூபாயைத் தராசில் போட்டு நிறுத்த எடை. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். ராஜா தலை போட்ட காசு, அடுக்களையில் படிக்கல்லாகவும் சேவகம் செய்திருக்கிறது!

நம் பெண்கள் நாவில் தினமும் புரளும் இன்னொரு பிரிட்டிஷ் காசும் உண்டு. "எத்தனை சவரன் போட்டார்கள்?" என்று கல்யாண வீட்டில் கேட்கிறோமே, அந்தச் சவரன் 1817 முதல் பிரிட்டனில் அடித்துவரும் 'ஸாவரின்' என்ற தங்கக் காசுதான். பவுன் என்பது அவர்களுடைய 'பவுண்டு'. 22 காரட், எடை 7.98 கிராம். நகைக் கடையில் அதைச் சுளுவாக 8 கிராம் ஆக்கிக்கொண்டோம். 1918-ஆம் வருஷம் ஒரே ஒரு வருஷம் அந்தச் சவரனை பம்பாயிலேயே அடித்தார்கள். அதில் 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். காசு மாலையில் கோத்த சவரன் உங்கள் வீட்டில் இருந்தால் பூதக் கண்ணாடியில் பாருங்கள். ஆனால் வளையம் வைத்துப் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பவர்கள் அதிகம் தரமாட்டார்கள், தங்க விலைதான்.

இனி டப்பாவுக்குத் திரும்புவோம். பதினெட்டில் இரண்டு, 1862 என்று வருஷம் போட்ட விக்டோரியா ரூபாய்கள்.

"இதற்கு ரெண்டு லட்சம்னு சொன்னான் சார், நூத்தி அறுபது வருஷத்துக் காசாம்" என்றார் அந்தச் சகோதரி.

பெரியவர் சிரித்தார். "வயசைப் பார்த்து விலை போட்டால் கடற்கரையில் கிடக்கிற கூழாங்கல்லுக்குத்தான் அம்மா முதல் பரிசு! 1862 என்ற வருஷத்தை மாற்றாமலே 1874 வரைக்கும் அடித்துத் தள்ளினார்கள். அதனால் அந்த வருஷக் காசு நிறைய உண்டு. அரிதா, இல்லையா என்பதுதான் கேள்வி. அடுத்த கேள்வி, காசு எப்படி இருக்கிறது? ராணியின் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறதா, மழுங்கிப் போயிற்றா? அதே வருஷம், அதே ராணி. ஒன்றுக்கு வெள்ளி விலை, மற்றொன்றுக்கு அதைப்போல் பத்து மடங்கு."

பிறகு அவர் இரண்டு காசுகளைத் தேடினார். ஒன்று 1911-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் ஒரு யானை பொறித்திருந்தார்கள். அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அடித்தது ஏறக்குறைய 94 லட்சம். வெளியே விட்டது சுமார் 7 லட்சம்தான். அதையும் திரும்பப் பெற முயன்று, அடுத்த வருஷம் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை வைத்தார்கள். மற்றொன்று 1939-ஆம் வருஷத்து ரூபாய். பழைய மாற்று வெள்ளியில் கடைசியாக அடித்து, வெளியே அதிகம் வராமலே போனது. உண்மையில் அரிதானது, அதனாலேயே அதற்குப் போலிகளும் அதிகம். இரண்டும் அந்த டப்பாவில் இல்லை. 1940 முதல் அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அந்த வகையில் ஆறு இருந்தன.

பெரியவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எடை சரி. விளிம்பு சரி. ஓசையும் சரி. எல்லாம் அசல். ஆனால் பூதக் கண்ணாடியில் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது! காசு முழுக்கக் குழி குழியாக அரித்திருக்கிறதே. பாதி வெள்ளிக் காசெல்லாம் இன்னும் மோசம். உப்புத் தின்ற மாதிரி இருக்கிறது. சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். என்ன செய்தீர்கள் இதை? புளி போட்டுத் தேய்த்தீர்களா?"

"நான் தொடவே இல்லை சார்" என்றார் மருமகள்.

"அது ஊறுகா" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றிருந்தார்! எத்தனை நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டார்.

கிழவி கோபித்துக் கொள்ளவில்லை. மெதுவாக உட்கார்ந்து, கறுத்துப்போன ஒரு ரூபாயை எடுத்துக் கட்டை விரலால் தடவினார். பிறகு சொன்னார்:

"ரங்கூன்லேந்து வரும்போது எனக்குப் பதினாறு வயசு. அறுபத்தி நாலாம் வருசம். எங்கப்பா அங்க சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருந்தாரு. கடையெல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கிச்சு. ஒரு நாள் காலைல, நூறு ரூபா நோட்டும் அம்பது ரூபா நோட்டும் செல்லாதுன்னுட்டான். எங்கப்பா பெட்டியில இருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். கப்பல்ல நகையெல்லாம் எடுத்தாரக் கூடாதுன்னு சட்டம். எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? அவங்கம்மா காலத்துலேந்து வச்சிருந்த இந்த வெள்ளி ரூபாயை மாங்கா ஊறுகா ஜாடிக்குள்ள போட்டு, மேல எண்ணெய ஊத்தி, துணி கட்டிட்டாங்க. ஊறுகாயில யாரு கைய விடுவா? மெட்ராஸ் வந்து இறங்கி, இந்த வியாசர்பாடியில குடிசை போட்டப்பறம்தான் ஜாடியைத் தொறந்தாங்க. இருபத்தஞ்சு இருந்துது. ஏழை வித்து அரிசி வாங்கினோம். மீதிதான் இது."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்ததையும், 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமல் போனதையும், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி வந்து வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறியதையும் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். 1937 வரையில் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால் அங்கேயும் புழங்கியது இதே ரூபாய்தான் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சரித்திரம் ஒரு மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்து வந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

பெரியவர் பூதக் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "எவ்வளவோ காசுக்கு விலை சொல்லியிருக்கிறேன். இந்தக் குழிக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது" என்றார்.

கிழவியின் பார்வை அந்த இராமர் காசின்மேல் விழுந்தது. பொக்கை வாயால் சிரித்தார். "அய்ய, இத்தையா ஒம்போது லட்சம்னான்? இது உங்க மாமா திருப்பதி போனப்ப நடைபாதையில வாங்கியாந்தது. நல்லா இருக்கேன்னு நான்தான் டப்பால போட்டேன்."

பாருங்கள்! மருமகள் முதல் நாளே ஒரு வார்த்தை மாமியாரைக் கேட்டிருந்தால், அந்த 1,850 ரூபாயும் மிஞ்சியிருக்கும். நம் வீட்டுப் பழைய சாமான்களைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய நிபுணர் நம் வீட்டிலேயே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாமோ முகம் தெரியாதவனிடம் போனில் கேட்கிறோம்.

அந்தப் போன்காரர் அனுப்பியிருந்த 'ரிசர்வ் வங்கிக் கடித'த்தையும் பார்த்தேன். சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோராக இருந்தன. உண்மை என்ன தெரியுமா? ரிசர்வ் வங்கி பழைய காசும் நோட்டும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை. தன் பெயரால் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவுமில்லை. 2021 ஆகஸ்டு 4-ஆம் தேதி வங்கியே இப்படி ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் திரும்புமோ திரும்பாதோ, சங்கிலி கழுத்தில் தங்கிற்று.

இந்தத் தொழிலில் எல்லோரும் மோசக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். நேர்மையாக வாங்கி விற்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் சென்னையில் சங்கம் வைத்துக் கண்காட்சியும் நடத்துகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அசல் வராகன்களைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வரலாம். பெரியவர் எனக்குச் சொன்ன யோசனைகளை உங்களுக்காகக் குறித்துக்கொண்டு வந்தேன்:

காசை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தரவேண்டும். நீங்கள் அவனுக்குத் தரக்கூடாது. முன்பணம், பதிவு, வரி என்று எந்தப் பெயர் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள்.

காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அழகு பளபளப்பு. பழைய காசுக்கு அழகு அதன் பழமை. தேய்த்தால் விலை பாதியாகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

புத்தகத்தில் போட்டிருக்கும் விலை, வியாபாரி விற்கும் விலை. உங்களிடம் வாங்கும் விலை அல்ல. குறைந்தது மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். "அமெரிக்காவில் இருக்கும் மைத்துனனுக்கு அனுப்புகிறேன்" என்று தபாலில் போட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் வெளிநாடு அனுப்புவது குற்றம். கடைக்கால் தோண்டும்போது புதையலாகக் காசு கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது 1878-ஆம் வருஷத்துச் சட்டம். இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

சரி, முப்பத்தைந்தில் முப்பத்து நான்குக்குக் கணக்குச் சொல்லியாயிற்று. ஒன்று பாக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பழுப்பேறிய ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னமும் 1808 என்ற வருஷமும். மறு பக்கம் பாரசீக எழுத்தும், அடியில் 'பத்துக் காசு' என்று ஆங்கிலமும். அதைக் கண்டதும்தான் பெரியவர் கண்ணில் முதல் தடவையாக ஒளி வந்தது.

"இது நம் ஊருக்காகவே இங்கிலாந்தில் அடித்த காசு! பர்மிங்காமில் மாத்யூ போல்டன் என்பவருடைய சாலை. நீராவி யந்திரத்தால் அடித்தது. இதனுடன் பிறந்த காசுகள் லட்சக்கணக்கில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்குப் புறப்பட்டன. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதிக் கப்பல் மூழ்கிப் போயிற்று. நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்து, 1980-களில்தான் முக்குளிப்பவர்கள் அள்ளி வந்தார்கள். அவை இன்னும் சென்னைக்கு வந்து சேரவில்லை. சீமையிலேயே விலை போகின்றன. வேறு கப்பலில் ஏறிய இது மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. எங்கே கிடைத்தது அம்மா?"

"எம் மாமியா குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க மாமியா குடுத்தாங்களாம். வெத்தலப் பையில கெடந்துது" என்றார் கிழவி.

"விலை?" என்றார் மருமகள் ஆவலை அடக்க முடியாமல்.

"சில நூறு ரூபாய் பெறும். லட்சமெல்லாம் இல்லை" என்றார் பெரியவர் உள்ளதை உள்ளபடி.

படிப்புப் பணத்துக்கு என்ன வழி? நான் கேட்க நினைத்துத் தயங்கியதை, கிழவியே முடித்துவைத்தார். பதினெட்டு வெள்ளி ரூபாயையும் எண்ணினார். மூன்றை மட்டும் எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். பதினைந்தை மருமகளின் மடியில் வைத்தார்.

"காசுன்னா செலவு பண்ணத்தான் கண்ணு. எங்கம்மா பூஜை பண்றதுக்கா இத்த ஊறுகாயில போட்டாங்க? அன்னிக்கு அரிசி வாங்கினோம். இன்னிக்கு அவ படிக்கட்டும். வெள்ளி வெலைக்கே போடு. எங்கிட்ட சொல்லிட்டுச் செய்யி, அது போதும்."

மருமகள் அந்த முதிய கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான் அத்தை" என்றார். அதற்கு மேல் நாங்கள் அங்கே நிற்பது முறையல்ல என்று எழுந்துவிட்டோம்.

சென்ற வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. மூன்று கடைகளில் விலை கேட்டு, ரசீதுடன் விற்றாராம். முதல் தவணைப் பணத்தில் பாதிக்கு மேல் தேறிவிட்டதாம். மிச்சத்துக்குச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாராம். இந்தத் தடவை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு. எடுத்துவைத்த மூன்று ரூபாயும் யார் யாருக்கு என்றும் எழுதியிருந்தார்: மாமியாருக்கு ஒன்று, தமக்கு ஒன்று, நர்ஸாகப் போகும் பெண்ணுக்கு ஒன்று. பத்துக் காசு மட்டும் வெற்றிலைப் பையிலேயே இருக்கிறதாம். அது யாருக்குப் போகவேண்டும் என்பதில் அந்த வீட்டில் சந்தேகமே இல்லை.

இன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ஆனதும் உங்கள் வீட்டுப் பழைய டப்பாவை இறக்குங்கள், சகோதரிகளே. விலை கேட்க யாருக்கும் போன் செய்ய வேண்டாம். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறங்கள்.